கறுப்பு வெள்ளையைக் கடைசியில் முடிவு செய்ய முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைபேசியில் நல்ல படம் எடுப்பது எப்படி என்று இளைஞர்களுக்குச் சொல்லும் கட்டுரை ஒன்றைத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் படித்தேன். பயனுள்ள குறிப்புகள் பல அதில் இருந்தன. ஆனால், பழைய காலத்து உணர்வு வேண்டுவோர் எடுத்து முடித்த படத்தைக் கடைசியில் கறுப்பு வெள்ளையாக மாற்றிக்கொள்ளலாம் என்ற பொருளில் வந்த ஒரு வரியை என்னால் கடந்துபோக முடியவில்லை. செங்கோட்டையில் நெடுங்காலம் ஸ்டூடியோ நடத்திப் பிழைத்தவன் நான். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, பாஸ்போர்ட் என்று எனக்குச் சோறு போட்டதெல்லாம் கலர்தான். எனக்கென்று நான் எடுத்துக்கொண்ட படங்கள் மட்டும் அன்றும் இன்றும் கறுப்பு வெள்ளை. அந்த உரிமையில் எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும்.

ஆடி மாதத்தில் எங்கள் பக்கத்துக்கு இரண்டு கூட்டம் வரும். ஒன்று குற்றாலத்துக்குப் போகும். மற்றொன்று சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல்களுக்குப் போகும். ஆரியங்காவைக் கடந்து, புளியரை எஸ் வளைவில் இறங்கி வரும் கேரளப் பதிவெண் கார்கள் வயலோரம் வரிசையாக நிற்க, குடும்பம் குடும்பமாக மஞ்சளுக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். சில ஆண்டுகளுக்கு முன், அந்தப் பூக்காலத்தை ஒட்டி ஓர் அமைப்பு புகைப்படப் போட்டி நடத்தியது. நான் அனுப்பிய படம், பூ முடிந்து, விதை முற்றி, தலை கவிழ்ந்து நிற்கும் செடிகளுடையது. மழை விட்ட மாலையில், தாழ்ந்த வெயிலுக்கு எதிரே நின்று, கறுப்பு வெள்ளை பிலிமில் எடுத்தது. முதல் சுற்றிலேயே அது கழிக்கப்பட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. பொறுப்பாளர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "அண்ணாச்சி, படம் அருமைதான். ஆனா சூரியகாந்தியில மஞ்சளை எடுத்துட்டா அப்புறம் அதுல என்ன இருக்கு?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குத்தான் சட்டென்று பதில் வரவில்லை. தென்காசிப் பேருந்து நிலையத்தில் காத்திருந்தபோதுதான் வந்தது. மஞ்சளை எடுத்துவிட்டால் பாரம் இருக்கிறது. ஒரு முற்றிய பூவை அந்தத் தண்டு எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கேள்வி, மஞ்சள் இருக்கும் வரை யாருக்கும் தோன்றுவதில்லை.

ஒரு காட்சியைக் கறுப்பு வெள்ளையில் எடுப்பது என்பது, அதில் எது வெளிச்சம், எது நிழல், எதற்கும் எதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று எடுப்பவர் முன்கூட்டியே செய்யும் தீர்மானம். கலரில் செம்பருத்திப் பூ இலையிலிருந்து தானாகவே பிரிந்து நிற்கும். கறுப்பு வெள்ளையில் சிவப்பும் இலைப்பச்சையும் பெரும்பாலும் ஒரே சாம்பலாகிவிடும். பூ எது, இலை எது என்று தெரியாது. பூவைக் காட்ட வேண்டுமானால், அதன் மேல் வெயில் விழும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும், அல்லது பின்னால் நிழல் இருக்கும் பக்கமாகச் சுற்றிவர வேண்டும், அதுவும் இல்லையென்றால் லென்ஸின் முன் சிவப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிப் பூவை வெளுப்பாக்கி இலையைக் கறுப்பாக்க வேண்டும். வானத்து மேகத்துக்கு மஞ்சள் கண்ணாடி, இலைகளின் அடுக்குக்குப் பச்சைக் கண்ணாடி என்று தேவைக்கேற்ப மாற்றிக்கொள்வோம். இவை எல்லாம் பொத்தானை அமுக்குவதற்கு முன் நடப்பவை. கணினியில் பின்னர் சிலவற்றைத் திருத்தலாம், உண்மைதான். ஆனால் நீங்கள் நிற்காத இடத்தில் கணினி போய் நிற்காது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது 1978-இல், பதினேழு வயதில், புனலூரில். அன்று செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு மீட்டர்கேஜ் ரயில் ஓடியது. கழுதுருட்டிப் பதிமூன்று கண் பாலத்தைக் கடந்து, குகைகளுக்குள் புகுந்து புறப்பட்டு மெதுவாகப் போகும். குகைக்குள் பெட்டி முழுவதும் இருண்டு, மறுமுனையில் வெளிச்சம் பெருகி வரும்போது எதிரே இருப்பவரின் நெற்றியும் மூக்கும் முதலில் தெரிந்து மற்றவை பின்னர் தெரியும். வெளிச்சம் ஒரு முகத்தை எந்த வரிசையில் வரைகிறது என்று யாரும் சொல்லித்தராமல் நான் கற்ற முதல் பாடம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது; அன்று கரிப்புகை வாடையைத்தான் கவனித்தேன்.

எங்கள் ஆசானின் இருட்டறை, மாடிப்படிக்கு அடியில் ஆறடிக்கு நாலடி. சிவப்பு பல்பு ஒன்று எரியும். பிரிண்ட் எடுக்கும் காகிதத்துக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது என்பதால் அது மட்டும் அனுமதி. மூன்று தட்டுகள் வரிசையாக இருக்கும். முதலில் படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர், அடுத்தது அதை நிறுத்தும், காடி வாடை வீசும் அசெட்டிக் அமிலம், அதன்பின் படத்தை நிலைக்கச் செய்யும் ஹைப்போ. பிலிமில் உள்ள படத்தைப் பெரிதாக்கித் தாளில் விழச்செய்யும் என்லார்ஜரின் அடியில் சில நொடி வெளிச்சம் காட்டிய வெள்ளைத் தாளை டெவலப்பரில் அமிழ்த்தித் தட்டின் ஒரு மூலையை மெல்லத் தூக்கித் தூக்கி இறக்கினால், இருபதாவது நொடி வாக்கில் முதலில் கண்மணிகளும் தலைமுடியும் புகைபோல் வரும். பிறகு மீசை, பிறகு சட்டையின் மடிப்பு, கன்னத்தின் நிழல் எல்லாவற்றுக்கும் கடைசி. முகத்தின் வெளிச்சமான பகுதி வருவதற்குள் அவசரப்பட்டு எடுத்தால் படம் சோகை பிடித்தது போலிருக்கும், விட்டுவிட்டால் கரி. அந்த நிமிடத்தை ஆயிரக்கணக்கான முறை பார்த்த பிறகும் எனக்குச் சலிக்கவில்லை.

அன்று நாங்கள் பயன்படுத்திய காகிதம் உதகமண்டலத்தில் இருந்த மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் செய்த 'இந்து'. 1960-இல் நிறுவப்பட்டு 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்த ஆலை இன்று மூடிக் கிடக்கிறது. நம் ஊர்ப் பழைய குடும்பப் படங்களைத் திருப்பிப் பார்த்தால் பலவற்றின் பின்னால் அந்தப் பெயர் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய கால உணர்வு என்று இன்று கைபேசிச் செயலிகள் ஏற்றித் தரும் அந்தப் பழுப்பு மஞ்சள் எங்கள் நாளில் பெரும்பாலும் குற்றம். ஹைப்போவை ஓடும் தண்ணீரில் போதிய நேரம் கழுவாமல் விட்ட படம்தான் சில ஆண்டுகளில் அப்படிப் பழுப்பேறும். அதற்காக ஆசான் என் காதைத் திருகியிருக்கிறார். இப்போது அதை விலைக்கு விற்கிறார்கள்.

என் சொந்தப் படங்களில் ஒன்றைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் நான் சொல்ல வருவது விளங்கும். எங்கள் அத்தை கடையநல்லூரில் ஐம்பது வருடம் பீடி சுற்றியவர். சுளகை மடியில் வைத்து, நனைத்த இலையைக் கத்தரியால் அளவாக வெட்டி, தூளை நிரப்பி, சுருட்டி, நூல் கட்டி, முனையை மடக்கிவிடும் வேலை; பேச்சு ஒருபுறம் நடந்துகொண்டே இருக்கும், கை நிற்காது. நான் பலமுறை கலரில் எடுத்தேன். ஒவ்வொரு முறையும் படத்தைப் பார்த்தவர்கள் முதலில் பார்த்தது ரோஸ் நிற நூற்கண்டை. அடுத்தது பின்னால் இருந்த நீல பிளாஸ்டிக் குடத்தை. அதற்கும் அடுத்தது அத்தையின் ஆரஞ்சு நிறச் சேலையை. கைக்கு யாரும் வந்து சேரவில்லை. ஒரு நாள் கேமராவில் 400 வேகக் கறுப்பு வெள்ளைச் சுருள் இருந்தது. வாசல் கதவைப் பாதி சாத்தச் சொல்லி, ஒரே பக்கத்து வெளிச்சத்தில், ஷட்டரை முப்பதில் ஒரு நொடிக்கு வைத்து எடுத்தேன். அன்று இரவு பிரிண்ட் போட்டபோது, எடுக்கும்போது என் கண்ணே காணாத ஒன்று தட்டில் எழுந்து வந்தது. இலையின் நடு நரம்பும் அதிலிருந்து பிரியும் கிளை நரம்புகளும், அத்தையின் புறங்கையில் புடைத்து ஓடும் நரம்புகளும் ஒரே சாம்பலில், ஒரே தடிமனில், ஒன்றிலிருந்து மற்றொன்று முளைத்தது போல் இருந்தன. எந்த இடத்தில் இலை முடிந்து விரல் தொடங்குகிறது என்று கண் ஒரு கணம் தடுமாறியது. குடமும் சேலையும் நூலும் இருட்டோடு இருட்டாக ஒதுங்கிவிட்டன. அத்தையிடம் காட்டினேன். "என் கை இப்படியா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அந்தப் படத்தின் மேலேயே தன் கையை வைத்துப் பார்த்தார்.

அதுவரை நான் அழகான வெளிச்சம் தேடிக்கொண்டிருந்தவன். அந்தப் படத்துக்குப் பிறகு தேடுவது மாறிவிட்டது. கூனியூர்ப் பாதையில் உடை மரத்து நிழல், பண்பொழி மலைக்குப் போகும் படிகளில் முழங்கையை ஊன்றி மூச்சு வாங்கும் கிழவர், லாரித் தார்ப்பாயின் மடிப்பில் தேங்கிய மழைநீர் என்று, ஒன்று மற்றொன்றாகத் தெரியும் இடங்களைத் தேடிப் போனேன். சாரல் நாளில் மலையை எடுப்பதற்கு மட்டும் மூன்று வருடம் பிடித்தது. சாரலில் எல்லாமே நடுச் சாம்பல். கறுப்பும் கிடையாது, வெள்ளையும் கிடையாது. படம் எடுப்பாக வர வேண்டும் என்று கறுப்பு வெள்ளை வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் ஹார்ட் காகிதத்தில் போட்டுப் போட்டு மலையைக் கரிக்கட்டி ஆக்கினேன். மூன்றாவது வருடம்தான் அதைக் குறைத்துக் காட்டும் சாப்ட் காகிதத்தில் போட்டுவிட்டு, மலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவில் நிறுத்தினேன். ஜூன் மாதம் காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நிற்பவருக்கு மலை அப்படித்தான் தெரியும்.

அமெரிக்க ஒளிப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ், நெகட்டிவை இசை எழுதிய ஏட்டுக்கும் பிரிண்டை அதன் கச்சேரிக்கும் ஒப்பிட்டார். ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின் மேல் நிலா எழும் காட்சியை அவர் 1941-இல் எடுத்தார். அந்த ஒரே நெகட்டிவிலிருந்து பல பத்தாண்டுகள் பிரிண்ட் போட்டார். போகப் போக வானத்தை மேலும் மேலும் கறுப்பாக்கிக்கொண்டே போனார். நெகட்டிவ் மாறவில்லை, மனிதர் மாறினார். கறுப்பு வெள்ளையைச் சொந்த வெளிப்பாடு என்று நான் சொல்வது இந்தப் பொருளில்தான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. இந்தியக் கலர் ஒளிப்படத்தின் முன்னோடியான ரகுபீர் சிங், நம் நாட்டுக் கண்ணுக்கு நிறம்தான் இயல்பு, கறுப்பு வெள்ளை மேற்கின் மனநிலையிலிருந்து வந்தது என்று வாதிட்டவர். அவர் படங்களைப் பார்த்தால் வாதத்தில் பாதியை ஒப்புக்கொள்ளவே தோன்றும். பாவாடை தாவணியும் தேர்ச்சீலையும் மஞ்சள் குங்குமமும் நிறைந்த ஒரு மண்ணில், நிறத்தை விலக்குவது வீம்பு என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். மறு பாதிக்கு மட்டும் எங்கள் எல்லைப்புறத்திலிருந்து ஒரு சாட்சி சொல்கிறேன். பாலக்காட்டுப் பக்கத்துப் பகவதி கோயில்களில், கூத்துமாடத்தில் தேங்காய் மூடிகளில் 21 விளக்கேற்றி, வெள்ளைத் திரைக்குப் பின்னால் தோல்பாவைக்கூத்து நடத்துகிறார்கள். பாடுவது கம்பன் பாட்டு, தமிழில். ஆந்திரத்துத் தோல்பாவைகள் வெளிச்சம் ஊடுருவும் தோலில் வண்ணம் தீட்டியவை. திரையில் சிவப்பும் பச்சையுமாகத் தெரியும். பாலக்காட்டுப் பாவையின் தோலில் வெளிச்சம் ஊடுருவாது. துளைகளின் வழியே மட்டும்தான் வரும். திரையில் இராமனும் கறுப்பு, இராவணனும் கறுப்பு. அதை ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நிறமில்லாமல் பார்ப்பதை எந்த வெள்ளைக்காரனும் நமக்குக் கொண்டுவந்து கொடுக்கவில்லை. போட்டோவுக்குத் தமிழில் ஒளிப்படம் என்றும் சொல்கிறோம், நிழற்படம் என்றும் சொல்கிறோம். இரண்டு சொல்லிலும் நிறம் இல்லை.

1984 டிசம்பரில் போபால் விஷவாயுவில் இறந்த பெயர் தெரியாத ஒரு குழந்தையை மண்ணில் புதைக்கும் காட்சியை இருவர் எடுத்தார்கள். பாப்லோ பார்த்தலோமியோ எடுத்தது கலர். உலகச் செய்திப்பட விருது பெற்றது. ரகு ராய் எடுத்தது கறுப்பு வெள்ளை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தவர்கள் ஒரு முறை அப்படிப் பார்க்க வேண்டும். எது உயர்ந்தது என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. கலர்ப் படம் என்னை அந்தக் காலைப்பொழுதுக்குக் கொண்டுபோகிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் எனக்குத் தேதி மறந்துவிடுகிறது, முகம் மட்டும் இருக்கிறது. இப்படி இரண்டு படமும் வேறு வேறு வேலை செய்கின்றன என்றால், ஒன்றை மற்றொன்றாகக் கடைசியில் மாற்றிக்கொள்ளலாம் என்பது எப்படிப் பொருந்தும்?

நான் தொழில் கற்ற ஊரின் பெயரைத் தம் பெயரோடு வைத்திருந்த புனலூர் ராஜனை இங்கு நினைக்காமல் இருக்க முடியாது. 2020-இல் மறைந்த அவர், கோழிக்கோட்டில் மருத்துவக் கல்லூரியின் புகைப்படக்காரராகப் பணிபுரிந்துகொண்டே மலையாள எழுத்தாளர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துச் சேர்த்தவர். வைக்கம் முகம்மது பஷீர் என்றவுடன் மலையாளிகளின் மனத்தில் வரும் முகம் பெரும்பாலும் அவர் கொடுத்த முகம். தொழிலுக்கு ஒரு படமும் தனக்கு ஒரு படமும் என்று வாழலாம் என்ற துணிவு, என்னைப் போன்ற சிறிய ஸ்டூடியோக்காரனுக்கு அவரைப் பார்த்துத்தான் வந்தது.

இப்போது வந்திருக்கும் மற்றொரு வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைக் கணினியில் கொடுத்து நிறமேற்றி வாங்குகிறார்கள். என் மகள் ஆசையாக எங்கள் ஆச்சியின் படத்தைக் கொடுத்து, ஒரு கடையில் நிறமேற்றி வாங்கி வந்தாள். ஆச்சியின் சேலை நீலமாக வந்திருந்தது. அது அரக்கு என்று எனக்குத் தெரியும். நெற்றியில் பொட்டு கறுப்பாகவே இருந்தது. ஆச்சி வாழ்நாளில் கறுப்புப் பொட்டு வைத்தவர் அல்லர். அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் புழங்கிய ஆர்த்தோ வகைப் பிலிமுக்கும் கண்ணாடித் தகட்டுக்கும் சிவப்பு தெரியாது. குங்குமம் மை போலக் கறுத்துவிடும், உதடும் கறுக்கும். அந்தக் கறுப்பைச் சிவப்பு என்று வீட்டார் படித்துக்கொண்டார்கள். இயந்திரத்துக்குப் படிக்கத் தெரியவில்லை. கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, மகளையும் திட்டவில்லை. அசல் படத்தை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்தேன்.

பிலிமில்தான் எடுக்க வேண்டும் என்று நான் யாரையும் கேட்கவில்லை. 36 படம் கொண்ட ஒரு சுருளின் விலைக்கு இன்று ஒரு வீட்டுக்குப் பல நாள் பால் வாங்கலாம். டிஜிட்டல் கேமராவின் சென்சார் இயல்பில் வெளிச்சத்தின் அளவை மட்டுமே அறியும். அதன்மேல் பதித்த சிவப்பு, பச்சை, நீலச் சல்லடைதான் நிறத்தைப் பிரித்துத் தருகிறது; கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற முறை அது. அந்தச் சல்லடையையே நீக்கி, கறுப்பு வெள்ளை மட்டுமே எடுக்கும் கேமராவை லைக்கா 2012-இலும் பென்டாக்ஸ் 2023-இலும் கொண்டுவந்தன. வெறும் பழைய கால ஏக்கத்துக்காக யாராவது புதிதாக இயந்திரம் செய்வார்களா? அவை நமக்கு எட்டாத விலை, வேண்டாம். கைபேசியில் எடுக்கும்போதே திரை கறுப்பு வெள்ளையாகத் தெரியும்படி வைத்துக்கொண்டு ஒரு மாதம் எடுத்துப் பார்க்கட்டும். முதல் வாரம் எல்லாப் படமும் சாம்பல் கஞ்சியாக இருக்கும். இரண்டாவது வாரம் கால்கள் தாமாகவே வெளிச்சத்தின் பக்கவாட்டுக்கு நகரத் தொடங்கும்.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தங்கள் நாளிதழின் உட்பக்கங்கள் இன்றும் கறுப்பு மையில்தான் அச்சாகின்றன. அப்பக்கங்களில் வரும் படங்களோ கலரில் எடுத்து, நிறத்தை மட்டும் கழற்றிவிட்டுப் போட்டவை. சென்ற வாரம் ஒரு கோயில் திருவிழாப் படத்தில் செவ்வரளி மாலையும் சாமியின் பச்சைப் பட்டும் ஒரே சாம்பல் திட்டாகக் கிடந்தன. நிருபரின் பிழை அல்ல அது. அந்தப் படம் அந்தப் பக்கத்துக்காக எடுக்கப்படவில்லை. உட்பக்கம் ஒன்றில் வாரம் ஒரு முறை, கறுப்பு வெள்ளைக்கென்றே எடுத்த வாசகர் படம் ஒன்றுக்கு நான்கு பத்தி அகலம் ஒதுக்கலாமே. நான்கு வண்ணப் பக்கத்தில் போட்டால் அச்சுத் தகடு ஒரு மயிரிழை விலகினாலும் சாம்பலில் பச்சையோ சிவப்போ கசியும் என்பதால், உட்பக்கத்தையே கேட்கிறேன்.

அத்தையின் கைகளை எடுத்த அந்தப் படத்தின் பிரிண்ட் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். எட்டுக்குப் பத்து அளவு, மேட் காகிதம், ஒரு மணி நேரம் கழுவியது. வெளியிட்டாலும் வெளியிடாவிட்டாலும் திருப்பி அனுப்ப வேண்டாம். நெகட்டிவ் என்னிடம் இருக்கிறது. வெளியிடுவதானால் அத்தையின் பெயர் போட வேண்டாம், கடையநல்லூர் என்று மட்டும் போட்டால் போதும் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
செங்கோட்டை, தென்காசி மாவட்டம்.